பருந்துக்கும் நாய்க்கும் சாதி: ஆங்கிலத்தின் ‘பரையா’ என்னும் சொல்லைப் பற்றி

புனே நகரில் முளா–முட்டா ஆற்றின் மேல் மாலையில் வட்டமிடும் கரும்பருந்தின் அறிவியல் பெயரில் கோவிந்தன் இருக்கிறான். பம்பாய் அரசின் புள்ளிவிவர அறிக்கையாளராகத் தக்காணத்தில் பணியாற்றிய படை அலுவலர் வில்லியம் ஹென்றி சைக்ஸ், அங்குத் தாம் கண்ட பறவைகளின் பட்டியலை 1832இல் வெளியிட்டபோது இப்பருந்தை ‘மில்வஸ் கோவிந்தா’ என்று குறித்தார். இன்றும் அதன் உள்ளினப் பெயராகக் ‘கோவிந்தா’ நிலைத்திருக்கிறது. ஆயினும் இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேயரின் அன்றாடப் பேச்சில் அது கோவிந்தன் அன்று, ‘பரையா கைட்’. சாலிம் அலியின் நூல்களைக் கொண்டு பறவை பார்க்கக் கற்ற தலைமுறையும் அதே பெயரைத்தான் கற்றது. தலையும் மார்பும் வெள்ளை, உடல் செம்பழுப்பு என அமைந்த இன்னொரு பருந்து உண்டு. தமிழர் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளும் செம்பருந்து. அதற்கு ஆங்கிலேயர் சூட்டிய பெயர் ‘பிராமினி கைட்’. இரண்டும் கழிவையும் செத்ததையும் தின்னும் பறவைகளே. செம்பருந்து துறைமுகங்களில் செத்த மீனைத் தேடித் திரிவது அதன் குலப்பெயருக்கு இழுக்காகவில்லை.

நாய்க்கும் இதே கதி நேர்ந்தது. தெருவில் யாருக்கும் உரிமையில்லாமல் திரியும் நாட்டு நாய் ‘பரையா டாக்’ ஆயிற்று. மட்டமான சாராயம் ‘பரையா அரக்கு’ ஆயிற்று. யூலும் பர்னலும் தொகுத்து 1886இல் வெளியிட்ட ‘ஹாப்சன்–ஜாப்சன்’ அகராதி இவற்றைத் தனித் தலைப்புகளில் பதிவு செய்திருக்கிறது. தமிழ்நாட்டின் பெருந்தொகையான ஒரு மக்கட்பிரிவின் பெயர், ஆங்கிலத்தில் ‘இழிந்த வகை’ என்று பொருள்படும் பெயரடையாகிப் பறவைக்கும் விலங்குக்கும் பானத்துக்கும் முன்னால் நின்றது. அதன் பிறகுதான் அது ‘சமூகத்தால் ஒதுக்கப்பட்டவர்’ என்னும் பொதுப்பெயராயிற்று. இந்த வரிசை முக்கியமானது. சொல்லின் இன்றைய பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு ‘இது வெறும் உருவகம்தானே’ என்று கூறுவோர், உருவகத்துக்கு முன்பே நடந்துவிட்ட இந்த இழிவேற்றத்தைக் காண்பதில்லை.

சொல்லின் பயணம் ஓரளவு தெளிவாகவே தெரிகிறது. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துகீசியரான துவார்த்தே பார்போசாவின் குறிப்புகளில் அது தென்படுகிறது. ஆங்கிலத்தில் 1613ஆம் ஆண்டு சாமுவேல் பர்ச்சஸ் வெளியிட்ட நூலே இதன் முதற்சான்றாகக் காட்டப்படுகிறது. பழைய எழுத்துமுறைகளுள் ஒன்று ‘பரியார்’ என்று ரகர ஈற்றோடு முடிந்தது. அது ‘பறையர்’ என்னும் பலர்பால் வடிவத்தின் சுவடு. தமிழ் ஒரு மக்களைக் குறிக்க வைத்த பன்மையை ஆங்கிலம் ஒருமையாக எடுத்துக்கொண்டது. தென் இங்கிலாந்தின் பலுக்கலில் சொல்லிறுதி ரகரம் ஒலிக்காது என்பதால் அந்த ஈறும் தேய்ந்து போயிற்று. தமிழின் றகரமும் ரகரமும் ஆங்கிலக் காதில் ஒன்றே. இப்படித் தமிழின் ‘பறையர்’ ஆங்கிலத்தின் ‘பரையா’ ஆயிற்று. கடன்சொற்களில் வழக்கமாக நிகழும் ஒலிமாற்றங்களே இவை. இதில் குறை காண ஒன்றுமில்லை.

மூலச்சொல்லின் சொற்பிறப்பு இதைவிடச் சிக்கலானது. கால்டுவெல் ‘பறை’ என்னும் இசைக்கருவியிலிருந்து குலப்பெயரை வருவித்தார். அவருடைய ஒப்பிலக்கணத்தின் இரண்டாம் பதிப்பில் (1875) இம்மக்கள் திராவிடரா என்னும் வினாவுக்கே ஒரு பின்னிணைப்பு உண்டு. இன்று படிக்கும்போது விடையைவிட, அப்படியொரு வினா எழ முடிந்தது என்பதே வியப்பளிக்கிறது. முரசறைவது இம்மக்களுள் சிலரின் தொழில் மட்டுமே. பெரும்பான்மையோர் உழவுத் தொழிலாளர். ஆகவே தொழிற்பெயர் விளக்கம் முழுமையானதன்று என்ற மறுப்பு நெடுங்காலமாக உண்டு. ‘பறை’ என்பதற்குத் தமிழில் ‘சொல்’ என்ற பொருளும் இருக்கிறது. குமரி மாவட்டத்திலும் ஈழத்திலும் ‘பறைதல்’ பேசுதல்தான். மலையாளத்தில் ‘சொல்’ என்பதற்கு அன்றாட வினையே ‘பறயுக’. புனேவின் விடுதிகளில் தங்கிப் படிக்கும் கேரள மாணவர்கள் தொலைபேசியில் ஒரு நாளைக்கு நூறுமுறை அந்த வினையைப் பயன்படுத்துகிறார்கள். அயோத்திதாச பண்டிதர் இப்பொருளைப் பற்றிக்கொண்டு, வேடதாரிகளின் பொய்யை வெளிப்படையாகப் பறைந்தவர்களே பறையர் எனப்பட்டனர் என்று விளக்கம் தந்தார். வரலாற்று மொழியியல் அதை அப்படியே ஏற்காது. ஆனால் அறிவிக்கும் கருவிக்கும் அறிவித்தலுக்கும் ஒரே சொல் வழங்குவதைத் தற்செயல் என்று ஒதுக்குவதும் எளிதன்று. புறநானூற்றின் 335ஆம் பாடல் துடியன், பாணன், கடம்பன் ஆகியோருடன் பறையனையும் சேர்த்து நான்கு குடிகளாக எண்ணுகிறது. அங்கே அப்பெயரில் இழிவின் நிழல் இல்லை. அந்நால்வரை விட்டால் வேறு குடியே இல்லை என்பது பாடலின் கருத்து.

ஐரோப்பாவில் இச்சொல்லுக்கு நேர்ந்தது இன்னும் விந்தையானது. 1791இல் வெளிவந்த பெர்னார்டின் த சேன்–பியேரின் ‘இந்தியக் குடிசை’ என்னும் பிரெஞ்சுக் கதையில் உண்மையைத் தேடி அலையும் ஆங்கிலேய அறிஞர் ஒருவர் பூரி ஜகந்நாதத்தின் தலைமைக் குருவிடம் ஏமாற்றமடைந்து, புயலிரவில் ஒதுங்கிய குடிசையில் ஒரு பறையரிடம் மெய்யறிவைக் காண்கிறார். 1821இல் காசிமீர் தெலவீன் ‘பரியா’ என்றே ஒரு நாடகம் எழுதினார். கோத்தே அதே தலைப்பில் மூன்று கவிதைகள் எழுதினார். பெண்ணுரிமைக்கும் தொழிலாளர் உரிமைக்கும் போராடிய ஃப்ளோரா திரிஸ்தான் 1838இல் தம் பயண நூலின் தலைப்பிலேயே தம்மைப் ‘பரியா’ என்று அழைத்துக்கொண்டார். பின்னர் மாக்ஸ் வேபர் யூதரைப் ‘பரியா மக்கள்’ என்றார். ஹன்னா ஆரெண்ட் 1944இல் எழுதிய கட்டுரையில் ஹைனே, பெர்னார் லசார், சாப்ளின், காஃப்கா ஆகியோரின் வழியே அதை ஒரு பெருமிதமான அரசியல் நிலையாக வளர்த்தெடுத்தார். இந்த வரிசை முழுவதிலும் ஒரு பொதுக்கூறு உண்டு: ஒதுக்கப்பட்டவர் குற்றமற்றவர், குற்றம் ஒதுக்கிய சமூகத்தினுடையது. தமிழகத்தின் சேரியைக் கண்ணால் கண்டிராத எழுத்தாளர்களே இவர்கள். இருந்தும், சாதியின் அநீதி குறித்த உணர்வு அவர்களுடைய பயன்பாட்டில் மங்கலாகவேனும் எஞ்சியிருந்தது.

இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் பொருள் தலைகீழாயிற்று. பன்னாட்டு உறவுத் துறையில் ‘பரையா நாடு’ என்னும் கலைச்சொல் ஊன்றிக்கொண்டது. ராபர்ட் ஹார்கவி அணு ஆயுதப் பரவலைப் பற்றி 1981இல் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே அது இருக்கிறது. இன்றைய செய்தித்தாள் வழக்கில் இச்சொல்லைப் பெறுபவர், பெரும்பாலும் தம் செயலால் அதைத் தேடிக்கொண்டவர். கொலைக்கும் போருக்கும் பொறுப்பான ஆட்சியாளர், மோசடி செய்த முதலாளி, ஊக்கமருந்து உட்கொண்ட வீரர். 2019 நவம்பரில் அமெரிக்க அதிபர் வேட்பாளர்களின் விவாதமொன்றில் ஜோ பைடன், பத்திரிகையாளர் கஷோகியின் கொலைக்காகச் சவூதி அரேபியாவைப் ‘பரையா’வாக ஆக்கிக்காட்டுவோம் என்றார். அந்த அறச்சீற்றத்தோடு எவருக்கும் பிணக்கில்லை. ஆனால் சொல்லின் உள்ளே நடந்துவிட்ட மாற்றத்தைக் கவனிக்க வேண்டும்: ஒதுக்கப்படுவது இப்போது தகுதியான தண்டனை. ஒருகாலத்தில் பிறப்பினால் மட்டும் ஒதுக்கப்பட்டவர்களின் பெயர், இப்போது செய்த குற்றத்துக்காக ஒதுக்கப்பட வேண்டியவர்களின் பெயர்.

இந்தத் தலைகீழ் மாற்றத்தின் உச்சம் தென்னாப்பிரிக்கா. நிறவெறி ஆட்சியால் உலக அரங்கில் தனிமைப்பட்ட அந்நாட்டை ஆங்கில இதழ்கள் பல ஆண்டுகள் இச்சொல்லாலேயே குறித்தன. மனிதரைப் பிறப்பால் பிரித்துத் தனிக் குடியிருப்பில் வைத்த ஓர் அரசு. அதைக் கண்டிப்பதற்குக் கிடைத்த சொல், பிறப்பால் பிரித்துத் தனிக் குடியிருப்பில் வைக்கப்பட்ட மக்களின் பெயர். ஒடுக்கியவனைப் பழிக்க ஒடுக்கப்பட்டவனின் பெயரைக் கடன் வாங்கும் இந்த ஏற்பாட்டில் அபத்தம் இருப்பதாக அன்று ஆங்கிலம் எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை. இந்தியாவில் ஆங்கிலம் எழுதியவர்களுக்கும் பெரும்பாலும் தோன்றவில்லை என்பதுதான் கவலைக்குரியது.

மொழியியல் மாணவர்களிடமிருந்து இதற்கு வரக்கூடிய மறுப்பு எதிர்பார்க்கத்தக்கதே. சொற்பிறப்பு பொருளைத் தீர்மானிப்பதில்லை. தோற்றத்தைக் கொண்டு இன்றைய பயன்பாட்டை மதிப்பிடுவது ஒரு பிழை என்று முதலாண்டிலேயே கற்பிக்கப்படுகிறது. அடிமையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் ஸ்லாவ் மக்களின் பெயரிலிருந்து வந்தது. பொருட்களைச் சிதைப்பவனைக் குறிக்கும் ‘வாண்டல்’ ஒரு பழங்குடியின் பெயர். அவற்றை யாரும் கைவிடச் சொல்வதில்லையே?

இந்த மறுப்பு வலுவானது. ஆனால் இங்கே பொருந்தவில்லை. வாண்டல்கள் என்றொரு மக்கள் இன்று இல்லை. ஸ்லாவியர் இருக்கிறார்கள்; ஆனால் அந்தச் சொல் பல மொழிகளின் வழியே வந்து வடிவம் மாறிவிட்டது, அகராதியைப் புரட்டாமல் உறவு புலப்படாது. ஒரு சொல்லின் மூலம் பேசுவோர்க்குத் தெரியாமல் போவதைச் சொல் இருண்டு போதல் எனலாம். ‘பரையா’ இலண்டனில் இருண்ட சொல். சென்னையில், யாழ்ப்பாணத்தில், கோலாலம்பூரில், புனேவில் பயிலும் தமிழ் மாணவரின் காதில் அது ஒளிபுகும் சொல். மூலப்பெயர் தாங்கிய மக்கள் வாழ்கிறார்கள். தமிழ்நாட்டுப் பட்டியல் சாதியினரின் அரசு அட்டவணையில் அப்பெயர் இன்றும் அச்சில் இருக்கிறது. அப்பெயரால் இழிவுபடுத்துவது இன்றும் நடக்கிறது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும், பொதுவெளியில் சாதிப்பெயர் சொல்லித் திட்டுவதைத் தனிக் குற்றமாகச் சேர்த்த அதன் பிற்காலத் திருத்தமும் அதற்காகவே வேண்டியிருக்கின்றன. சொற்பிறப்புப் பிழை என்னும் கோட்பாடு இறந்துபோன உறவுகளைப் பற்றியது. உயிரோடிருக்கும் உறவுக்கு அதைப் பொருத்துவது கோட்பாட்டையே தவறாகப் படிப்பது.

நடைமுறையில் இதன் பொருள் என்ன? தமிழகத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து புனேவுக்கு முதுகலை படிக்க வரும் ஒரு மாணவியை எண்ணிப் பார்க்கலாம். உதவித்தொகைக்காக அவள் காலையில் அலுவலகத்தில் கொடுக்கும் சான்றிதழில் அந்தப் பெயர் இருக்கிறது. பிற்பகல் வகுப்பில் பேராசிரியர் வட கொரியாவை அதே பெயரால் விளக்குகிறார். அறையில் உள்ள நாற்பது பேரில் ஒருத்திக்கு மட்டும் அது கலைச்சொல்லாகக் கேட்காது. எழுந்து சொன்னால் அந்த அறையில் தன் சாதியை அவளே அறிவித்ததாகும். சொல்லாவிட்டால் தேர்வுத்தாளில் அவளும் அதை எழுதியாக வேண்டும். இங்கே யாரும் தீய எண்ணத்தோடு நடந்துகொள்ளவில்லை. அதனாலேயே முறையிடவும் வழியில்லை.

இச்சொல்லை என்ன செய்வது என்ற வினா புதியதன்று. அதற்குரிய மக்களே நூறாண்டுகளுக்கும் முன்பு அதை விவாதித்தார்கள்; அவர்களுக்குள் உடன்பாடு இருக்கவில்லை. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ என்னும் பெயரிலேயே இதழ் தொடங்கினார். பெயரை மறைத்து வாழும் வரை அச்சம் நீங்காது, உரிமையும் கிட்டாது என்பது அவர் கட்சி. அவருடைய மைத்துனர் அயோத்திதாசர் அப்பெயரையே மறுத்தார். பிறர் சுமத்திய பெயரை ஏற்பது அவர்கள் எழுதிய வரலாற்றை ஏற்பதாகும் என்பது அவர் வாதம். 1907இல் அவர் தொடங்கிய இதழின் பெயர் ‘ஒரு பைசாத் தமிழன்’. பின்னர் எம்.சி. ராஜாவின் முயற்சியால் சென்னை மாகாண அரசு 1922இல் ஆவணங்களில் பழைய பெயர்களை விடுத்து ‘ஆதி திராவிடர்’ என்று எழுத ஆணையிட்டது. ஏற்பது, மறுப்பது, மாற்றுவது ஆகிய மூன்று வழிகளும் ஒரே தலைமுறையில் முயலப்பட்டன. ஆங்கில அகராதி இந்த மூன்றில் எதையும் கேட்டறியவில்லை.

இந்த வரலாற்றின் ஒரு கண்ணி புனேயிலேயே இருக்கிறது. 1932 செப்டம்பர் 24 அன்று எரவாடா சிறையில் கையெழுத்தான ஒப்பந்தத்தில் அம்பேத்கரின் பெயரோடு இரட்டைமலை சீனிவாசன், எம்.சி. ராஜா ஆகிய இரு தமிழரின் பெயர்களும் உள்ளன. 148 இடங்களை ஒதுக்கிய அந்த ஆவணம் இம்மக்களைக் குறிக்கும் ஆங்கிலத் தொடர் ‘டிப்ரஸ்டு கிளாசஸ்’. அழுத்தப்பட்ட வகுப்புகள். அத்தொடரில் வேறு குறைகள் உண்டு. அரசு அலுவலகத்தின் வாடை அடிக்கிறது என்பதும் உண்மை. ஆனால் அதன் இலக்கணம் கவனிக்கத்தக்கது. அது செயப்பாட்டு எச்சம். அழுத்தப்பட்டவர் என்றால் அழுத்தியவர் ஒருவர் இருந்தாக வேண்டும்.

மராத்தியில் இந்த இலக்கணம் இன்னும் கூர்மையாக வேலை செய்திருக்கிறது. மோல்ஸ்வொர்த்தின் மராத்தி–ஆங்கில அகராதியில் ‘தலித்’ என்பது நொறுக்கப்பட்ட, துண்டாக்கப்பட்ட என்ற சாதாரணப் பொருளுடைய எச்சவடிவம். 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்ஸ் இயக்கம் தோன்றியபோது அது ஒரு மக்களின் சுயப்பெயராக எழுந்து நின்றது. அம்பேத்கர் 1924இல் தொடங்கிய சபையின் பெயர் ‘பஹிஷ்க்ருத ஹிதகாரிணி சபா’; 1927இல் தொடங்கிய இதழின் பெயர் ‘பஹிஷ்க்ருத பாரத்’. பஹிஷ்க்ருத என்றால் வெளியே தள்ளப்பட்ட. இதுவும் எச்சம். இப்பெயர்களைத் தேர்ந்தவர்கள் இலக்கணப் பாடம் நடத்தவில்லை. ஆனால் சொல்லின் வடிவத்துக்குள்ளேயே ஒரு குற்றச்சாட்டு வைக்கப்பட்டிருக்கிறது. யார் நொறுக்கியது, யார் தள்ளியது என்ற எழுவாய் வாக்கியத்தில் மறைந்திருந்தாலும் இலக்கணம் அதைக் கேட்டுக்கொண்டே இருக்கும்.

‘பரையா’ இதற்கு நேர்மாறு. அது பெயர்ச்சொல், எச்சமன்று. அதில் செயல் இல்லை, செய்தவர் இல்லை. ஒதுக்கப்பட்ட நிலை, ஒதுக்கப்பட்டவரின் இயல்பாகவே மாறிவிடுகிறது. ஆங்கிலத்திலேயே ‘அவுட்காஸ்ட்’ என்னும் சொந்தச் சொல் இருக்கிறது. எறிதல் என்னும் வினையின் எச்சத்திலிருந்து உருவானது. வெளியே எறியப்பட்டவர் என்று பொருள். பொருளில் எதையும் இழக்காமல் பெரும்பாலான இடங்களில் அதை எழுத முடியும். ஆகவே இழப்பு என்னும் வாதமும் நிற்கவில்லை. வேபரையும் ஆரெண்டையும் மேற்கோள் காட்டும்போது அவர்கள் எழுதியதை எழுதியபடியே தருவதுதான் முறை. பழைய நூல்களைத் திருத்தி எழுதுவது ஆய்வாகாது. பேச்சு, இந்திய ஆய்வாளர் தம் சொந்த வாக்கியத்தில் எழுதும் சொல்லைப் பற்றியது.

வெளிநாட்டுத் தமிழரிடையே இச்சொல் மூட்டிய ஒரு பெரும் சர்ச்சையையும் இங்கே மறக்க முடியாது. அப்துல்லா உசேனின் ‘இந்தர்லோக்’ என்னும் மலாய் நாவல் 2011இல் மலேசியப் பள்ளி மாணவர்க்குப் பாடமாக வைக்கப்பட்டபோது, அதில் இந்தியக் குடியேறிகளைப் பற்றி வந்த ‘பாரியா’ என்னும் சொல் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. அவ்வாண்டின் இறுதியில் நூல் பாடத்திட்டத்திலிருந்து நீக்கப்பட்டது. மலாயில் அச்சொல் வசையாகவே வழங்குகிறது என்பதால் எதிர்ப்பில் நியாயம் இருந்தது. ஆனால் அந்த எதிர்ப்புக்குள் வேறொரு பொருளுக்கும் இடம் இருந்தது: எங்களை எப்படி அந்தச் சாதி என்று சொல்லலாம் என்பது. ‘இச்சொல் யாரையும் இழிவுபடுத்தக் கூடாது’ என்பதும் ‘நாங்கள் அவர்கள் அல்லர்’ என்பதும் ஒரே முழக்கத்தில் கலந்துவிடக்கூடியவை. முன்னது சாதிக்கு எதிரானது, பின்னது சாதியே. ஆங்கிலச் சொல்லை விமர்சிக்கும் தமிழரும் தாம் எந்த முழக்கத்தை எழுப்புகிறோம் என்று பார்த்துக்கொள்வது நல்லது.

சொல்லை மாற்றினால் சேரியின் எல்லை அழியாது என்பது சரி. அப்படி யாரும் கூறவுமில்லை. பறவை நூல்கள் இப்போது சத்தமில்லாமல் ‘பிளாக் கைட்’ என்று எழுதுகின்றன. பருந்து பறந்துகொண்டுதான் இருக்கிறது. ‘பிராமினி கைட்’ என்ற பெயரை மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை என்பதையும் சேர்த்தே குறிக்க வேண்டும். நாட்டு நாய்க்கு மட்டும் பழைய பெயர் ஆங்கிலத்தில் இன்னும் விட்டபாடில்லை.

தமிழில் செய்தி எழுதுபவர்களிடம் ஒரு சோதனை வைக்கலாம். ‘பரையா ஸ்டேட்’ என்ற தொடர் ஆங்கில முகமைச் செய்தியில் வரும்போது அவர்கள் ‘ஒதுக்கப்பட்ட நாடு’ என்றோ ‘தனிமைப்படுத்தப்பட்ட நாடு’ என்றோ எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போகிறார்கள். சொல்லைத் தந்த மொழி அதை அந்தப் பொருளில் திரும்பப் பெற மறுக்கிறது. மொழிபெயர்ப்பாளரின் கை தானாகவே எச்சத்தை நாடுகிறது. மராத்தியர் ‘வாளீத் டாக்லேலா’ என்பார்கள். ஊர்விலக்கு செய்யப்பட்டவர் என்று பொருள். அந்த வழக்கத்தைத் தண்டிக்க மகாராட்டிரம் சமூகப் புறக்கணிப்புத் தடைச் சட்டத்தை இயற்றியது. அது 2017 சூலையில் நடைமுறைக்கு வந்தது. மூன்றாண்டு வரை சிறையும் ஒரு இலட்சம் ரூபாய் வரை அபராதமும் அச்சட்டம் விதிக்கிறது, ஒதுக்கியவர்களுக்கு.